கரண்ட் நிற்கும் ஊரில் கோழிக்குஞ்சு வளர்ப்பது எப்படி?

தம்பலகாமத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: “ஒருநாள் குஞ்சு 25 வாங்கி, பெட்டிக்குள் பல்ப் போட்டு வளர்த்தேன். மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய்விட்டது, விடியும்போது பாதி செத்துக் கிடந்தன. செலவில்லாமல் வேறு வழி உண்டா?”

உண்டு அக்கா. முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், இறகு முளைக்கும்வரை அதன் உடம்பு தன் சூட்டைப் பிடித்து வைக்காது, பல்ப் அணைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபட்டே செத்துவிடும். அதனால் அடுத்த முறை பல்பை விடுங்கள், அடைக்கோழியைப் பாருங்கள்.

அடை கிடக்கும் ஊர்க்கோழிப் பேடு இரண்டுக்கு ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முட்டை வீதம் வையுங்கள். 21ஆம் நாள் பொரித்ததும் குஞ்சுகளை எல்லாம் ஒரு பேட்டிடம் விட்டால் மற்றது சீக்கிரமே திரும்ப முட்டையிட வந்துவிடும். வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குமேல் பழசாக இருக்கக் கூடாது. ஆனி, ஆடி வெயிலில் மூன்று நாலு நாள்தான், ஏனென்றால் அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும், நாம் பேட்டைக் குறை சொல்வோம். அடை வைக்கும்வரை முட்டைகளை ஈர மணல் போட்ட மண்சட்டியில் சாக்கு விரித்து, கூர்முனை கீழே இருக்க அடுக்கி வையுங்கள். அடை வைத்த ஏழாம் நாள் இரவு போன் டோர்ச்சில் பிடித்துப் பார்த்தால் கருக்கட்டியதில் சிவப்பு நரம்பு தெரியும், தெரியாததை எடுத்துவிடலாம்.

சரி, வாங்கிய குஞ்சுதான் இருக்கிறதென்றால்? இரண்டு மூன்று வாரம் அடை கிடந்த பேட்டின் கீழ் இருட்டில் மெதுவாக நுழைத்துவிட்டு முட்டைகளை எடுங்கள். விடிந்ததும் கொத்துகிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். பேடே இல்லையென்றால் காட்போர்ட் பெட்டியில் உமி பரப்பி, சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள், ஆறினால் மாற்ற வேண்டும். பூட்டிய அறைக்குள் கரிச்சட்டி மட்டும் வைக்கவே வேண்டாம், அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல உங்களையும் கொல்லும்.

தீனிக்குக் குறுணலும் தவிடும் போதாது, புரதமும் வேண்டும். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் நனைத்துப் போட்டு மாலையில் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் நிறைந்திருக்கும். உப்புக் கருவாடு கொடுக்காதீர்கள்.

அப்புறம் ராணிக்கெட் என்ற, கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தொற்று நோய்க்கான தடுப்பூசி. அதைக் குளிரில் வைக்க வேண்டும், கரண்ட் நின்ற ஃபிரிட்ஜில் வீணாகிவிடும். கால்நடை வைத்தியரிடம் நாள் கேட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் சேர்த்து அன்றைக்கே போட்டு முடியுங்கள்.