மாமியாருக்கு நெற்றியில் அக்கி: இன்றே டாக்டரிடம் போங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் உங்கள் மாமியாருக்கு நேற்று நெற்றியில் அக்கிக் கொப்புளம் வந்திருக்கிறது, முதலில் கொப்புளத்தின்மேல் காவி பூசி அக்கி எழுதிவிட்டு வரலாமா, மாசமாக இருக்கும் மகளுக்கு ஒட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதுவதற்காகக் காத்திருக்காதீர்கள். காவிக்கு வைரஸைக் கொல்லும் சக்தி கிடையாது. அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கிட்னிக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நெற்றியில் வந்திருப்பதுதான் எனக்குக் கவலை. மூக்கு நுனியில் கொப்புளம், கண் சிவப்பு, பார்வை மங்கல் எதுவானாலும் அன்றைக்கே கண் டாக்டர் பார்க்க வேண்டும். புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

சரி, மகள் விஷயம். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்பில் பதுங்கியிருந்து அக்கியாகக் கிளம்புகிறது. அக்கி அக்கியாக ஒட்டாது. ஆனால் அம்மையே வராத, தடுப்பூசியும் போடாத ஒருவர்மேல் கொப்புளநீர் பட்டால் அவருக்கு அம்மை வரலாம். மகளுக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வரவில்லை, அல்லது நினைவில்லை என்றால் பிரசவ டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தள்ளியிருக்கட்டும். துண்டு, தலையணை தனியாக.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கச் சொல்லாதீர்கள், பாவம். புண் ஆறியும் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கலாம், அதற்கும் தனி மருந்து உண்டு.