தொட்டியைக் கலைப்பதற்கு முன்

கேள்வி: இரண்டடி நீள மீன்தொட்டி. வைத்து இரண்டு வருடம் ஆகிறது. வாலிஸ்னேரியாச் செடி பின்பக்கத்தை அடைத்துவிட்டு இப்போது முன்பக்கமும் வந்துவிட்டது. அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடி மாதிரிப் பாசி. மீன்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மண்ணையும் மாற்றிப் புதிதாக அமைக்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியுமா? மீன்கள் பிழைக்குமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கத்தரிக்கோலை எடுங்கள். நீங்கள் எழுதியதில் மண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் செடி அதிகமாகிவிட்டது என்பதுதான். வாலிஸ்னேரியா மண்ணோடு ஒட்டிக் கொடிவிட்டு, கொடிக்கு ஒரு கன்று என்று பெருகும். முன்பாதியில் இருக்கும் கன்றுகளைக் கொடியோடு பிடுங்குங்கள். தாடிப் பாசி பிடித்த இலைகளைக் காம்போடு நறுக்குங்கள். அனுபியாஸ் இலை மெதுவாக வளர்ந்து வெகுநாள் நிற்கும், அதனால்தான் பாசிக்கு அது வசதியான இடம். விளக்குக்கு நேர்கீழே இருந்தால் நிழலுக்கு நகர்த்துங்கள். அப்புறம் ஒரு வாரம் சும்மா பாருங்கள். தொட்டியை மாற்ற வேண்டும் என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம் காலி இடம்தான்.

அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லையா? சரி, மண்ணைச் சோதியுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்குங்கள். செடிகளுக்கென்று விற்கும் குருணை மண்ணாக இருந்து, அது சேறாகக் கரைந்தால் மாற்றலாம். ஆற்றுமணலோ சரளையோ என்றால் அது தேயாது. வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைத்தால் போதும்.

மாற்றுவதென்று முடிவானால், அன்று முதலில் காப்பாற்ற வேண்டியது ஃபில்டரை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். மண்ணை அள்ளிவிட்டால் மிஞ்சுவது ஸ்பாஞ்சில் இருக்கும் கூட்டம் மட்டும். அதைக் குழாயடியில் பிழிந்து, குளோரின் தண்ணீரில் பளிச்சென்று கழுவி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அழுக்காக இருந்தால் தொட்டியின் பழைய தண்ணீரில் இரண்டு முறை அமுக்கிவிடுங்கள், போதும். ஃபில்டர் தண்ணீர் ஓடாமல் பல மணி நேரம் மூடிக்கிடந்தால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும்.

பழைய தண்ணீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, மீன்களை அதில் விட்டு, ஃபில்டரையும் அதிலேயே ஓடவிடுங்கள். மேலே மூடி போடுங்கள்; மிரண்ட மீன் குதிக்கும். மீன் உள்ளே இருக்கும்போது மண்ணைக் கிளறவே கூடாது. ஆழமான மண்ணில் காற்றுப் போகாத இடங்கள் கறுத்திருக்கும், தோண்டினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்பது நீங்கள் போடப்போகும் மண்ணைப் பொறுத்தது. அலசிய மணலோ சரளையோ என்றால் அன்று மாலையே மீன்களை விட்டுவிடலாம்; சில நாள் தீனியைக் குறையுங்கள். சத்து ஏற்றிய குருணை மண் என்றால் அது முதல் சில வாரங்கள் தானே அம்மோனியா விடும். அப்போது ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, ஒரு பாதி மீன்களோடு, மறுபாதி புதிய தொட்டியில். பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன்களுக்கு வீடு மாற்றம்.

60 சென்டிமீட்டருக்கு 30 அடிப்பரப்பு என்றால், சராசரி 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு கிட்டத்தட்ட 11 லிட்டர் மண் வேண்டும். முன்னால் 3, பின்னால் 9 என்று சரித்துக் கொட்டுங்கள். அதே தொட்டி ஆழமாகத் தெரியும்.

கேள்வி: பெரிய கல் ஒன்று வாங்கியிருக்கிறேன். நடுவில் வைத்தால் ஏதோ சரியில்லை. எங்கே வைப்பது?

பதில்: நடுவில் வைத்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும். 60 சென்டிமீட்டர் தொட்டி என்றால் ஒரு ஓரத்திலிருந்து 37 சென்டிமீட்டர் அளவில் வைத்துப் பாருங்கள். துணைக்கு வைக்கும் சிறிய கற்களில் கோடுகள் ஓடும் திசையைக் கவனியுங்கள். பெரிய கல்லில் கோடு சாய்ந்திருக்கும் பக்கமே இவையும் சாய வேண்டும். இல்லாவிட்டால் லாரியிலிருந்து கொட்டியது போல இருக்கும். மொத்தம் மூன்றோ ஐந்தோ, ஒற்றைப்படையில். இந்தக் கல் வைப்புக் கலையை மீன்தொட்டிக்குள் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோ ஒரு நிலக்காட்சிப் புகைப்படக்காரர். 2015-இல் அவர் காலமானார். அதே ஆண்டு லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர், கொள்ளளவு 1,60,000 லிட்டர். நமக்கு இரண்டடி போதும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அமைப்பைப் போனில் படம் எடுத்து மறுநாள் பாருங்கள். நேரில் தெரியாத கோணல் படத்தில் தெரியும். கல்லில் இரண்டு சொட்டு வினிகரும் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கப்பி, மோலி மீன்களுக்குப் பரவாயில்லை. நியான் டெட்ரா மீனுக்கு வேண்டாம்.

கேள்வி: புதிய மரக்கட்டை வைத்ததும் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. கட்டையில் வெள்ளையாக வழவழவென்று ஏதோ படர்கிறது. எடுத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நிறம் கட்டையிலிருந்து வரும் டானின். மீனுக்குக் கெடுதல் இல்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், குறைந்துவிடும். வெள்ளைப் படலம் புதுக்கட்டையில் வருவதுதான். பழைய பல்துலக்கியால் தேய்த்து விடலாம், அல்லது இறால்களுக்கு விட்டுவிடலாம்.

கேள்வி: கிரிப்டோகோரைனை இடம் மாற்றி நட்டேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. செத்துவிட்டதா?

பதில்: இல்லை. இடம் மாறினால் இது இலையை உதிர்த்துக் கோபத்தைக் காட்டும். கூழான இலைகளை அள்ளிவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். சில வாரத்தில் நடுவிலிருந்து புது இலை வரும். வேர் பிடித்ததா என்று தினமும் இழுத்துப் பார்த்தால் மட்டும் வராது.

கேள்வி: புதிய அமைப்பில் தன் பிளாஸ்டிக் கோட்டையும் இருந்தே ஆக வேண்டும் என்கிறாள் மகள். என்ன செய்வது?

பதில்: வையுங்கள். சாயம் உரியாததாக இருக்கட்டும். மேலே ஜாவா மாஸ் செடியைக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். அவளுக்குக் கோட்டை இருக்கும், உங்களுக்குப் பச்சைக் குன்று இருக்கும்.

கேள்வி: வெட்டிய செடிகளைப் பக்கத்துக் குளத்தில் விடலாமா? குப்பையில் போட மனம் வரவில்லை.

பதில்: கூடவே கூடாது. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்கென்று கொண்டுபோன செடிதான். இன்று எத்தனை ஏரிகளை மூடிக் கிடக்கிறது! நல்ல வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, பூச்செடிகளுக்கு மட்க வையுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரையும் அதே செடிகளுக்கு ஊற்றலாம்.