குடுமி தெரியும் தொப்பி

அன்புள்ள சார்,

கொரியத் தொடர்களில், அதுவும் ராஜா காலத்துக் கதைகளில், ஆண்கள் அகலமான கறுப்புத் தொப்பியை வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போதுகூடக் கழற்றுவதில்லை. பார்த்தால் கொசுவலை மாதிரி இருக்கிறது. வெயில், மழை எதற்கும் உதவாது போல. பிறகு எதற்கு அது?

மீனா

அன்புள்ள மீனா,

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அதன் பெயர் ‘கத்’. மழைக்கு உதவாது என்பதோடு, மழை வந்தால் அந்தத் தொப்பிக்கே ஒரு குடை வேண்டும். எண்ணெய்க் காகிதத்தில் கூம்பாகச் செய்த ‘கல்மோ’ என்ற உறையை மடித்து வைத்திருந்து, தூறல் விழுந்ததும் விரித்துத் தொப்பிமேல் கவிழ்த்துக்கொள்வார்கள்.

அவ்வளவு நுணுக்கமான வேலை. நடுக்கூடு குதிரைமயிரில் பின்னியது. விளிம்பு, மயிரிழை அளவுக்குச் சீவிய மூங்கில். குதிரைக்குப் பேர்போன ஜேஜு தீவில் பெண்கள்தான் இவற்றைப் பின்னினார்கள்.

அந்த வலை வழியே குடுமி தெரியும். விஷயமே அதுதான். கொரியாவை ஜோசன் வம்சம் ஆண்ட காலத்தில் பையன்கள் முடியைப் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். கல்யாணத்தை ஒட்டி நடக்கும் சடங்கில்தான் குடுமியும் தொப்பியும் ஏறும். முப்பது வயதானாலும் கல்யாணம் ஆகாதவன் வெறுந்தலைச் சின்னப்பையன்தான். மரியாதைப் பன்மையெல்லாம் அவனுக்குக் கிடையாது. பெற்றோர் தந்த முடியை வெட்டுவது பாவம் என்ற கன்பூசிய நம்பிக்கை வேறு. ஆகவே விருந்தாளி முன் தொப்பியைக் கழற்றுவதுதான் அங்கே அவமரியாதை. நம் தொடர்க்காரர்கள் தப்பு செய்யவில்லை.

சாதியும் உண்டு. கசாப்புத் தொழில் செய்த ‘பேக்ஜோங்’ மக்களுக்கு இந்தத் தொப்பி கூடாது. மூங்கிலில் முடைந்த ‘பேரேங்கி’தான். தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் கண்டு விலகிக்கொள்ள அது போதும். 1895-ல் அவர்கள் அரசுக்கு மனு கொடுத்து, கத் அணியும் உரிமையை வாங்கினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 30-ல், எல்லோரும் குடுமியை வெட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. மன்னர் கோஜோங் முதலில் தன் முடியை வெட்டிக்கொண்டார். தலையை வெட்டினாலும் முடியை வெட்ட விடமாட்டேன் என்றார் அறிஞர் சோய் இக்-ஹியோன். அந்தச் சொல்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. எனக்கு நினைவுக்கு வருவது பேக்ஜோங்குகள்தான். குடுமிமேல் தொப்பி ஏறி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.