மேச்சேரி ஆட்டுக்கு மெலடோனின் தேவையா?

கேள்வி: சேலம் அருகே 40 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகள் வளர்க்கிறேன். கோடையில் அவை பருவத்துக்கு வரத் தாமதமாகிறது. குளிர்நாடுகளில் காதடியில் மெலடோனின் மருந்து பதித்து, பருவமில்லாத காலத்திலும் ஆடுகளைச் சினையாக்குகிறார்களாம். அது இங்கே பலிக்குமா?

பதில்: அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இருட்டில் மட்டுமே மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீள நீள அது இரத்தத்தில் இருக்கும் நேரமும் நீளும். பிட்யூட்டரி சுரப்பியின் காம்புப் பகுதி அந்த நேரத்தை அளந்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டியோ குறைத்தோ சுரக்க, அதற்கேற்ப மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸில் டி3 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவு மாறுகிறது. அந்த மாற்றம், இனப்பெருக்கத்தைத் தூண்டும் கிஸ்பெப்டினைச் சுரக்கும் நரம்பணுக்களை எட்டி, அவற்றின் வழியே சினைப்பையை இயக்கும் ஜிஎன்ஆர்எச் என்னும் மூளை ஹார்மோனின் துடிப்புகளை விரைவுபடுத்துகிறது அல்லது அடக்குகிறது. தைராய்டுக்கு இதில் இவ்வளவு பெரிய பங்கு இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 17½ மணி நேரம். டிசம்பரில் 7 மணி நேரம். பகல் சுருங்கும் இலையுதிர்காலத்தில் அங்குள்ள ஆடுகள் சினை பிடித்தால்தான், சுமார் 150 நாள் கழித்து, புல் தளிர்க்கும் வசந்தத்தில் குட்டி போடும். பதிக்கும் மருந்து அந்த ஆட்டின் மூளைக்கு நீண்ட இரவு வந்துவிட்டதாகக் காட்டுகிறது. சேலத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 1 மணி 20 நிமிடமே வேறுபாடு; மேச்சேரிப் பெட்டை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடியது.

உங்கள் பட்டியில் தாமதத்துக்குப் பெரும்பாலும் தீவனக் குறைவும் வெப்பமுமே காரணமாக இருக்கும். உடலில் கொழுப்பு குறைந்தால், அது சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனும் குறையும். அந்தச் செய்தியும் அதே கிஸ்பெப்டின் நரம்பணுக்களைத்தான் சென்றடைகிறது. பெட்டையின் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின்மேல் விரல் வைத்து அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் குத்தினால், கிடா சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள்.

கூடவே, கிடாவை ஒரு மாதம் பார்வைக்கும் வாடைக்கும் எட்டாத தொலைவில் கட்டி வைத்துவிட்டு மந்தையில் விடுங்கள். புதிதாக வரும் கிடாவின் வாடை பட்டதுமே பெட்டையின் ஜிஎன்ஆர்எச் துடிப்புகள் விரைவுபடும். முதல் கருமுட்டை சில நாட்களிலேயே, பெரும்பாலும் பருவ அறிகுறி ஏதுமின்றி வெளியாகும். வெளிப்படையான பருவம் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில்தான் தெரியும். ஆகவே முதல் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று கிடாவைப் பிரித்துவிடாதீர்கள்.