ஏழு பங்கு சாம்பல், ஒரு பங்கு கருப்பு

வணக்கம் சார்,

1/72 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுல, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு செஞ்சிட்டு இருக்கேன். மேல டார்க் கிரீன், ஓஷன் கிரே. இந்த ஓஷன் கிரேலதான் மாட்டிக்கிட்டேன். மூணு கம்பெனி பெயிண்ட் வாங்கினேன், மூணும் மூணு மாதிரி, ஒண்ணு நீலம் அடிக்குது, ஒண்ணு பச்சை அடிக்குது. நானே கலந்தும் பார்த்தேன். நண்பர் ஒருத்தர் பார்த்துட்டு "இது தப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். ரெண்டு மாசமா பிளேன் டப்பாக்குள்ளயே கிடக்கு. எதுதான் சரியான ஓஷன் கிரே? சின்ன ஸ்கேலுக்கு 15 சதவீதம் வெள்ளை சேர்க்கணுமாமே? பெயிண்ட் தூவுற ஏர்பிரஷ்ஷுக்கு தின்னர் எவ்வளவு விடணும்?

ஒரு வாசகர்

தம்பி,

"டப்பாக்குள்ளயே கிடக்கு"ன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த பதில். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

தின்னர் எல்லாம் ஒரு கேள்வியா, பால் மாதிரி ஓடினா போதும், பழைய பிளாஸ்டிக் துண்டு எதுலயாவது அடிச்சுப் பாருங்க. ஆனா அந்த மூணு கம்பெனியையும் ஒண்ணா ஊத்திக் கலக்கிடாதீங்க, ஆல்கஹால் கலந்த பெயிண்ட்ல தண்ணி பெயிண்ட்டை விட்டா சிலது தயிர் மாதிரி திரிஞ்சு நிக்கும்.

இப்ப உங்க நண்பர்கிட்ட வருவோம். 1941 ஆகஸ்ட்ல பகல் நேர ஃபைட்டருக்கெல்லாம் டார்க் எர்த்ங்கிற பழுப்பை எடுத்துட்டு சாம்பல் அடிக்கணும்னு பிரிட்டிஷ் விமானப்படையில முடிவாச்சு. அந்த சாம்பல்தான் ஓஷன் கிரே, அது போதுமான அளவுக்கு வந்து சேரல. அதனால என்ன சொன்னாங்க தெரியுமா, கையில இருக்கிற மீடியம் சீ கிரேங்கிற வெளிர் சாம்பல் ஏழு பங்கு, அவங்க 'நைட்'னு கூப்பிட்ட கருப்பு ஒரு பங்கு, கலந்து அடிங்கன்னுட்டாங்க. 'மிக்ஸ்டு கிரே'ன்னே அதுக்குப் பேரு. அதாவது அசலே டப்பாவுல குச்சி விட்டுக் கலக்கினதுதான் சார்! அந்த ஏழு பங்கை ஒவ்வொரு ஏர்ஃபீல்டுலயும் யாரு தராசுல வெச்சு அளந்தா? அதுக்கு முந்தின வருஷம் அடிப்பக்கம் 'ஸ்கை'ங்கிற கலரை அடிக்கச் சொன்னப்பவும் இதே கதைதான், பெயிண்ட் பத்தல, கைக்குக் கிடைச்ச வெளிர் நீலம் வெளிர் பச்சைன்னு அடிச்சுப் பறக்க விட்டாங்க. இதெல்லாம் தெரியாம ஒரே வார்த்தையில தப்புன்னு சொல்ல உங்க நண்பருக்கு எவ்வளவு தைரியம். அதைக் கேட்டு மூடி வெச்சீங்களே, உங்களை என்ன சொல்றது.

வெள்ளை விஷயம். 1/72க்கு 15 சதவீதம், அதைவிடப் பெரிய 1/48க்கு 10 சதவீதம்னு ஒரு கணக்கு சுத்துது. தூரத்துல பார்த்தா கலர் வெளுத்துத்தானே தெரியும், அதனால சின்ன மாடலையும் கொஞ்சம் வெளுக்கணும்ங்கிற யோசனை, தப்பில்ல. ஆனா எல்லாத்துலயும் வெள்ளையைக் கொட்டினா சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும், சிவப்பு ரோஸ் ஆயிடும். ஆலிவ் டிராப்ங்கிற பழுப்புப் பச்சையை சந்தன நிறம் விட்டு வெளுக்கணும், ஓஷன் கிரேக்கு மீடியம் சீ கிரேவே போதும். அவ்வளவுதான் இது.

நான் சொல்ல வந்தது வெளிச்சம். நான் ஆரம்பிச்ச புதுசுல இதே ஸ்பிட்ஃபயர், இதே ஓஷன் கிரே, ராத்திரி ட்யூப்லைட்ல உக்காந்து கருப்பு வெள்ளை நீலம் மூணையும் கலந்து இடது ரெக்கையை முடிச்சேன், பெயிண்ட் தீந்துபோச்சு, நீலமும் காலி, சரின்னு ரெடிமேட் சாம்பல்ல கருப்பு விட்டு அதே கலருக்குக் கொண்டுவந்து வலது ரெக்கையை அடிச்சேன், ட்யூப்லைட்ல பார்த்தா அச்சு அசல் ஒண்ணு. காலையில ஜன்னல் ஓரம் தூக்கிட்டுப் போறேன், இடது நீலமா இருக்கு, வலது பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டுலயும் உள்ள இருக்கிற நிறமி வேற வேற, ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போறது இன்னொண்ணுல பிரிஞ்சுடும், இதெல்லாம் அப்ப எனக்கு எங்க தெரியும்? அழுகையே வந்துடுச்சு.

எனக்கு இதைக் கத்துக்கொடுத்த அண்ணன் ஒருத்தர் இருந்தார். வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் கட்டுக் கட்டா வெச்சிருப்பார், ஒவ்வொரு கலவையையும் ஸ்பூன் முதுகுல அடிச்சு, காம்புல எத்தனை துளின்னு பேனாவால எழுதி வெப்பார். அவர்கிட்ட ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்த வெளிச்சத்துலடா கலந்த?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் "முடிச்சு எடுத்துட்டு வா, பார்ப்போம்"னார். நான் எடுத்துட்டுப் போகவே இல்ல. ரோஷம். டப்பாவுல போட்டு மூடிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

போன வாரம் பரண்ல எதையோ தேடப்போய் அந்த டப்பா கைக்கு வந்தது. ரெண்டு ரெக்கையும் அப்படியே, ஒண்ணு நீலம் ஒண்ணு பாசி. அதை யோசிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் உங்க கடிதம். நேத்து சின்னங்கள் இருக்கிற டெக்கல் ஸ்டிக்கரை ஒட்டி, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிச்சு முடிச்சுட்டேன், கலரைத் தொடல.

எது சரின்னு கேட்டீங்கல்ல, மறந்தே போயிட்டேன். மீடியம் சீ கிரே 21 துளி, கருப்பு 3 துளி. ஸ்பூன்ல அடிச்சு ராத்திரி பூரா காயவிட்டு காலையில ஜன்னல் ஓரமா பாருங்க. கருப்பை மட்டும் கடைசியா, ஒவ்வொரு துளியா விடுங்க, கூடிப்போச்சுன்னா திரும்ப எடுக்க முடியாது. முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, நண்பருக்கு இல்ல, எனக்கு.