கண்ணில் கோளாறு, நெஞ்சுக்கு எதற்கு ஸ்கேன்?

கே: அப்பாவுக்கு 61 வயது. 30 வருடமாகப் பீடி. இரண்டு மாதமாக இடது இமை லேசாக இறங்கியிருக்கிறது. இடது தோள்வலி வேறு. தேய்மானம் என்று தைலம் தேய்க்கிறார். கண் டாக்டரோ நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். என்ன சம்பந்தம்?

ப: நிறைய சம்பந்தம் உண்டு. இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கண்பாவையை விரிக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. தண்டுவடம் வழியாக மார்பு வரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டித் திரும்பி, கழுத்து ரத்தக்குழாயோடு மேலே ஏறுகிறது. சுற்றுவழிதான். அந்த உச்சியில் புற்றுநோய்க் கட்டி வந்து நரம்பை நசுக்கினால் இமை ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும், பாவை சுருங்கும், அந்தப் பக்க முகம் சரியாக வியர்க்காது. 1869-இல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னரின் பெயரால் 'ஹார்னர் சிண்ட்ரோம்' என்கிறோம்.

கைக்குப் போகும் நரம்புகளும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் தோள் வலிக்கும். வலி கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல் வரை இறங்கலாம். இருமலே இல்லாமலும் இருக்கும். மாதக்கணக்கில் தோளுக்கே வைத்தியம் நடப்பது அதனால்தான். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த இடம் விலா எலும்புக்கும் காறை எலும்புக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் சி.டி.

ராத்திரி விளக்கைக் குறைத்துவிட்டு அப்பாவின் இரண்டு பாவைகளையும் பாருங்கள். அளவு வித்தியாசம் மங்கிய வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். பழைய போட்டோவோடும் ஒப்பிடுங்கள் (ஆதார் போட்டோ வேண்டாம், அதில் யார் முகமும் தெரியாது). இமை இறங்கினாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், வயதானாலும் இறங்கும். ஆனால் சிறுத்த பாவை, தோள்வலி, பீடி மூன்றும் சேர்ந்தால் விடக்கூடாது. இதே மாற்றம் திடீரென்று கழுத்துவலியோடு வந்தால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கே: கண் முன்னால் கொசு பறப்பதுபோல் இருக்கிறது. புற்றுநோயா?

ப: அநேகமாக இல்லை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதாக ஆகச் சுருங்குவதால் வருவது. கொசுக்கள் திடீரெனப் பெருகினாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ மட்டும் விழித்திரை கிழிந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

கே: எனக்கு 47 வயது. புகைப் பழக்கம் இல்லை. வலது கண்ணில் நேர்கோடு நெளிகிறது, மூன்று மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி பவர் மாறிவிட்டது. விழித்திரைக்குப் பின்னால் மஞ்சள் திட்டு என்றார்கள். மேமோகிராமும் நெஞ்சு சி.டி.யும் கேட்கிறார்கள்.

ப: விழித்திரைக்குப் பின்னால் ரத்தம் நிறைய ஓடும் ஒரு படலம் இருக்கிறது. வேறு இடத்துப் புற்றுநோய் கண்ணுக்குள் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் தங்கும். பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் பரவுவதே அதிகம். பெண்களுக்கும் நுரையீரலிலிருந்து வரலாம். திட்டு விழித்திரையை முன்னால் தள்ளும்போது பவர் மாறும், கோடு நெளியும். நுரையீரல் நோய் முதலில் கண்ணில் பிடிபட்டவர்களும் உண்டு. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் திட்டுக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனால் புகைக்காதது முழுக் காப்பு இல்லை. நம் ஆசியப் பெண்களில் புகைக்காமலே நுரையீரல் புற்றுநோய் வருபவர்கள் கணிசம். அவர்களில் பலருக்குக் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும். அதற்கு மாத்திரையே உண்டு, அதில் கண் திட்டும் சுருங்கலாம். இரண்டு ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள்.

கே: காலையில் இமை வீக்கம். சிறுநீரகமா?

ப: முதலில் சிறுநீரகமும் தைராய்டும் பாருங்கள். கூடவே கழுத்து நரம்புகள் புடைத்து, குனிந்தால் முகம் கனத்துச் சிவந்தால் மார்புக்குள் பெரிய ரத்தநாளம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கண் டாக்டரிடம் வர வேண்டாம், நேராகப் பொது மருத்துவரிடம் போங்கள்.