இன்வெர்ட்டரில் ஓடும் லேப்டாப்புக்கு எவ்வளவு வேகம் போதும்?

கேள்வி: பச்சைத் தேயிலை ஏஜென்ட் ஒருவருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்தால் கரன்ட் வர மறுநாள்கூட ஆகிவிடுகிறது. அதுவரை இன்வெர்ட்டர்தான். இந்தக் குளிரிலும் லேப்டாப்பின் அடிப்பக்கம் கொதிக்கிறது, ஃபேன் இரைகிறது. ப்ராசஸர் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (வேலை கூடும்போது தானாக ஏறும் உச்ச வேகத்தில்) 4.2. வேகத்தைக் குறைக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு குறையுங்கள். வேகத்தை மட்டும் பாதியாக்கினால் அதே வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். அவ்வளவு நேரமும் ஸ்கிரீன் வேறு எரியும். உண்மையான லாபம் வோல்டேஜில் இருக்கிறது. ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தையொட்டி ஏறி இறங்கும். வேகம் தணிந்தால் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. 2000-ல் இன்டெல், பேட்டரியில் ஓடும்போது வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறைக்கும் ஸ்பீட்ஸ்டெப் வசதியைக் கொண்டுவந்தபோது, 650 மெகாஹெர்ட்ஸ் மொபைல் பென்டியம் 3 பேட்டரிக்கு மாறியதும் 500-க்கு இறங்கும், வோல்டேஜும் 1.6-லிருந்து 1.35 ஆகும். பெருக்கிப் பாருங்கள்: வேகத்தில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் இழப்பு, மின்சாரத்திலோ பாதியை நெருங்கும் மிச்சம்.

உங்கள் லேப்டாப்பைக் கொதிக்க வைப்பது அந்த 4.2. கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். இலைக் கணக்குக்கு 2.4 தாராளம். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள், 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்று இருக்கும். அதை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இன்வெர்ட்டரில் ஓடும்போதும் சார்ஜர் செருகியே இருப்பதால், கரன்ட் இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். எனவே 'ஆன் பேட்டரி', 'ப்ளக்டு இன்' இரண்டிலும் 99 போடுங்கள். 30, 40 என்று இறக்க வேண்டாம். எக்ஸெல் திறக்கவே காத்துக் கிடப்பீர்கள். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஓய்ந்து கிடக்கும் ப்ராசஸர்தான் சிக்கனமானது.

வோல்டேஜைத் தனியாகக் குறைக்கும் மென்பொருள்களை நாடாதீர்கள். அளவு தவறினால் பாதிக் கணக்கில் மெஷின் உறைந்து நிற்கும். 2019 டிசம்பரில், வோல்டேஜைக் குறைத்தே தாக்க வழிவிடும் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, பல இன்டெல் லேப்டாப்களில் அந்த வசதியையே பயாஸில் (மெஷினின் அடிப்படை மென்பொருளில்) பூட்டிவிட்டார்கள்.

இன்னொன்று. குளிருக்கு மடியில் கம்பளியை விரித்து அதன்மேல் லேப்டாப் வைக்கும் வழக்கம் நம் மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை அந்தக் கம்பளி அப்படியே அடைத்துவிடும். ஏற்கெனவே 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே சுற்றுச் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறைவுதான். குளிர்ந்த அறை அதை ஈடுகட்டிவிடும், துவாரம் திறந்திருந்தால். லேப்டாப்புக்கு ஒரு பலகை கொடுங்கள், கம்பளியை நீங்கள் போர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ். ப்ராசஸர் வேகத்தை முடிவுசெய்யும் 'கவர்னர்' அமைப்பை 'பவர்சேவ்' என்று மாற்றியதும் ஆமையாகிவிட்டது. ஏன்?
– வாசகர், கூடலூர்

பதில்: ப்ராசஸர் வேகத்தை மாற்றும் டிரைவர் லினக்ஸில் ஒன்றுக்கு மேல் உண்டு. பழைய ஏசிபிஐ டிரைவரில் 'பவர்சேவ்' என்றால் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடுவது. இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் அதே பெயரை வைத்தாலும் வேகம் வேலைக்கேற்ப ஏறி இறங்கும். உங்களுடையது முதல் வகை. வேலைக்கேற்ப வேகத்தை மாற்றும் 'ஷெட்யூட்டில்' அல்லது 'ஆன்டிமாண்ட்' கவர்னரை வையுங்கள்; சூடு தொந்தரவு செய்தால் உச்ச வேகத்துக்கு மட்டும் வரம்பு போடுங்கள்.